திம்பம் ஏறும் வண்டிக்கு ஸ்பிராக்கெட் மாற்றுவது எப்படி? பல் கணக்கும் கண்ணிக் கணக்கும்

சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒரு ஆளும் மடியில் ஒரு மூட்டையும் இருந்தால், 100 சிசி வண்டி இரண்டாவது கியரில் திணறும். முதல் கியருக்கு இறக்கினால் இன்ஜின் அலறும். தாளவாடிக்கு அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்ஜினில் கை வைக்காமலே இதைச் சரிசெய்யலாம். செயின் சுற்றி ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையை மாற்றினால் போதும். ஆனால் செயினின் நீளத்தைக் கணக்குப் போடாமல் தொடங்கக் கூடாது.

முதலில் பல் கணக்கு

பின் ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையை முன் ஸ்பிராக்கெட்டின் எண்ணிக்கையால் வகுங்கள். முன்னால் 14, பின்னால் 42 என்றால் விகிதம் 3. இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். முன்னால் 13 போட்டால் விகிதம் 3.23 ஆகிறது. முன்பு 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் எப்படிச் சுழன்றதோ, அதே சுழற்சியில் இனி 56 தான் கிடைக்கும். பின்னால் 46 போட்டால் 3.29. முன்னால் ஒரு பல் குறைப்பது, பின்னால் ஏறத்தாழ மூன்று பல் கூட்டுவதற்குச் சமம்.

முன் ஸ்பிராக்கெட் விலை குறைவு, மாற்றுவதும் எளிது. முதல்முறை செய்கிறவர்கள் அங்கே ஒரு பல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் செயின் மிகவும் வளைந்து சுற்ற வேண்டியிருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். பின்னால் பெரிதாக்குவதுதான் செயினுக்கு நல்லது, எனக்கும் பிடித்தது. ஆனால் செயின் கவருக்குள் அது உரசாமல் அடங்குமா என்று முன்கூட்டியே அளந்து பார்த்துவிடுங்கள்.

அவிநாசி நெடுஞ்சாலையில் வேகம் வேண்டும் என்று விகிதத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்துப் பல்லடத்திலிருந்து மேற்கே ஓட்டிப் பாருங்கள். சிறிய இன்ஜின் கடைசிக் கியரை இழுக்காது. கியரைக் குறைத்துத்தான் போக வேண்டியிருக்கும்.

செயினுக்கு எத்தனை கண்ணி?

புதிய ஸ்பிராக்கெட்டும் பழைய செயினும் ஒத்துப்போகாது. முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். செயின் தகட்டில் 428 என்று இருந்தால், ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர். 520 என்றால் 15.875. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பின் சக்கரத்தை அட்ஜஸ்டரில் (செயின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு) முன்பக்கமாகத் தள்ளி, முன் ஸ்பிராக்கெட்டின் மையத்திலிருந்து பின் ஆக்சில் (சக்கர அச்சு) மையம் வரை அளந்துகொள்ளுங்கள். 580 மில்லிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை இரட்டித்து 12.7 ஆல் வகுத்தால் 91.3. பற்களின் கூட்டுத்தொகையில் பாதியைச் சேர்க்க வேண்டும்: 14, 46 என்றால் 30. பற்களின் வித்தியாசமான 32 ஐ 6.28 ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 12.7 ஆல் பெருக்கி, 580 ஆல் வகுத்தால் 0.6 வரும். மொத்தம் 121.9. அடுத்த இரட்டைப்படை எண் 122. செயினில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறிமாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய 42 பல்லுக்கு இதே கணக்கைப் போட்டால் 120 வரும். பின்னால் நான்கு பல் கூடினால் இரண்டு கண்ணி கூடுகிறது. ஒரு பல்லுக்கு அரைக் கண்ணி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பல் மாற்றம் என்றால் கண்ணி எண்ணிக்கையை மாற்ற வேண்டாம். சக்கரத்தை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகர்த்தினால் சரியாகிவிடும்.

முதல்முறை நான் 46 பல் போட்டபோது, பழைய செயினை எண்ணி, புதியதையும் 120 இல் வெட்டினேன். சக்கரத்தை முன்னால் ஒட்டத் தள்ளியும் இரு முனைகளும் சேரவில்லை. வெட்டிய துண்டை இன்னொரு லாக் (முனைகளை இணைக்கும் கண்ணி) போட்டு ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு செயினில் இரண்டு லாக் என்றால் அறுந்துபோகக்கூடிய இடமும் இரண்டு. மறுநாள் வேறு செயின் வாங்கினேன். அன்றிலிருந்து, புதிய செயினை இரண்டு ஸ்பிராக்கெட்டிலும் சுற்றி, வெட்டும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, இரண்டு முறை எண்ணிய பிறகே வெட்டுகிறேன்.

கழற்றி மாட்டுதல்

சாவியை எடுத்துவிட்டு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பழைய செயின் மாட்டியிருக்கும்போதே, கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன் ஸ்பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிவிட்டால் அது கூடவே சுற்றும். பிறகு செயின், பின் சக்கரம், பின் ஸ்பிராக்கெட் என்று வரிசையாகக் கழற்றலாம்.

வெட்டும்போது ரிவெட்டின் தலையைத் தேய்த்து எடுத்துவிட்டு, செயின் கட்டரால் பின்னைத் தள்ளுங்கள். இரு முனையிலும் உள் கண்ணி மிஞ்ச வேண்டும். அவற்றை இணைக்கும் லாக்தான் அங்கே வெளிக் கண்ணி. லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்வரிசையில் மாட்டினால் அது வண்டியின் முன்பக்கம். திருப்பிப் போட்டால், ஓடும்போது எதிலாவது பட்டுக் கிளிப் கழன்றுவிடலாம்.

கீழ்வரிசையின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துத் தொய்வைப் பாருங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. பல சிறிய வண்டிகளுக்கு அது 25 முதல் 30 மில்லிமீட்டர். சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். இருபக்க அட்ஜஸ்டர் கோடுகளும் சமமாக இருக்கட்டும். ஆக்சில் நட்டை இறுக்கியபின் பிரேக் ராடைச் சரிசெய்ய மறக்காதீர்கள்; சக்கரம் நகர்ந்ததால் அதன் அளவும் மாறியிருக்கும்.

ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து இயங்கினால் பிரச்சினை இல்லை. கியர்பாக்ஸிலிருந்து இயங்கினால், இனி உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். புதிய செயின் முதல் சில நாட்களில் சற்று நீளும். அதனால் மலை ஏறும் முன் பண்ணாரியில் வண்டியை நிறுத்தி, செயினின் சூடு தணிந்ததும் தொய்வை இன்னொரு முறை அளந்துவிட்டுப் புறப்படுங்கள்.