ஹரிகேன் சீசன்: காற்றுக்குத் தயாராகி, தண்ணீரிடம் தோற்பவர்கள்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் ஹரிகேன் எனப்படும் கடும் புயல்களின் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. "என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஜன்னலுக்குப் பலகை, கூரைக்கு ஆணி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எல்லாம் காற்றை நினைத்து. ஆனால் 1963 முதல் 2012 வரை அந்த நாட்டில் அட்லாண்டிக் புயல்களுக்கு நேரடியாகப் பலியானவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர். அதிலும் பாதிக்குக் காரணம், கடல் பொங்கி ஊருக்குள் ஏறியது.

புயலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை போடும் கேட்டகரி எண்ணைப் பார்த்து "ரெண்டுதானே" என்று வீட்டிலேயே தங்கிவிடுவது முதல் தவறு. அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் போடுவது. கடல் எவ்வளவு உயரும் என்பது அதில் இல்லை. 2008இல் டெக்சாஸில் கரை கடந்த ஐக் புயல், கேட்டகரி 2. அங்குள்ள பொலிவர் தீபகற்பத்தில் தெருத்தெருவாக வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 2005இல் கத்ரீனா மூன்றாக இறங்கித்தான் கரை கடந்தது. மிசிசிப்பி கரையில் கடல் 27 அடிக்கு மேல் ஏறியது. உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில், அதாவது அதிகாரிகள் ஆட்களை வெளியேறச் சொல்லும் எந்தப் பகுதியில், இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். முடிவெடுக்க உதவுவது அதுதான்.

புயல் வரும்போது டிவி வரைபடத்தில் காட்டும் கூம்பையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். புயலின் மையம் எந்தப் பக்கம் போகக்கூடும் என்பதை மட்டும்தான் அது காட்டும். மழையும் கடல் ஏற்றமும் அதற்கு வெளியேயும் வரும். மூன்றில் ஒரு தடவை மையமே வெளியே போய்விடும். 2004இல் சார்லி புயல் ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் போகும் என்று எல்லோரும் நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அது திரும்பி, அதே மாநிலத்தின் புன்டா கோர்டாவைத் தாக்கியது. அந்த ஊரும் கூம்புக்குள்தான் இருந்தது.

வீட்டில், ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவது வீண் வேலை. கண்ணாடி உடையாமல் அது தடுக்காது. உடைந்தால் பெரிய பெரிய துண்டுகளாக விழும், அது இன்னும் ஆபத்து. ஷட்டர் அல்லது தடிமனான பிளைவுட்தான் வழி. காற்றழுத்தத்தைச் சமன் செய்கிறேன் என்று ஜன்னலைத் திறந்து வைப்பது அதைவிட மோசம். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். இதே காரணத்தால் கராஜ் கதவும் முக்கியம், ஆனால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. 1992இல் ஆண்ட்ரூ புயல் வந்தபோது கராஜ் கதவு பிய்ந்து, அப்புறம் கூரையும் போன வீடுகள் நிறைய.

வெள்ள இன்ஷூரன்ஸ் தனி விஷயம். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பொதுவாக வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாலும், வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு போன் செய்து பயனில்லை.

சரி, படகுக்கு வருவோம். படகுத்துறையில் இன்னும் நாலு கயிறு சேர்த்து இறுக்கிக் கட்டுவதுதான் பலர் செய்யும் தயாரிப்பு. கடல் பத்தடி ஏறினால் இறுக்கிக் கட்டிய படகு என்ன செய்யும்? ஒன்று கயிறு அறும், இல்லையென்றால் கயிறு கட்டிய இரும்பே பிடுங்கிக்கொண்டு வரும். கயிறு நீளமாக, முடிந்தவரை தள்ளியிருக்கும் உயரமான தூண்களுக்குப் போக வேண்டும். காற்று ஒரே திசையில் அடிக்காது. புயலின் கண், அதாவது அமைதியான நடுப்பகுதி, கடந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். அதனால் நாலு பக்கமும் கட்டு வேண்டும். கயிறு அறுவது பெரும்பாலும் இழுவையால் அல்ல, உராய்ந்து தேய்வதால். விளிம்பில் படும் இடத்தில் உறை போடாமல் போனால் எவ்வளவு தடிமன் கயிறும் விடியும்வரை தாங்காது. நைலான் நீண்டு கொடுக்கும், அது நல்லது; ஆனால் அப்படி நீண்டு சுருங்கும்போதே உரசலும் அதிகம்.

பாய்மரப் படகில் சுருட்டி வைத்த பாய் பத்திரம் என்று விட்டுவிடாதீர்கள். காற்று அதைப் பிரித்துவிட்டால் படகே கையில் நிற்காது. பாய், துணிக்கூரை எல்லாம் கழற்றிக் கரைக்குப் போக வேண்டும்.

படகைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் விட்டால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒரு கணக்குப் போடலாம்: ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள திறந்த படகில் 200 மில்லிமீட்டர் மழை தேங்கினால் மூன்று டன் எடை. லிஃப்ட் அதற்காகச் செய்ததல்ல. அதோடு கடல் ஏறினால் படகு தாங்கியிலிருந்து மிதந்து வெளியே வந்துவிடும். தண்ணீரை வெளியேற்றும் பம்ப் இருக்கிறதே என்பீர்கள். கரை மின்சாரம் போனதும் அது பேட்டரியில் சில மணி நேரம்தான் ஓடும். டிரெய்லரில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோக முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அது முடியாதவர்கள், சீசன் தொடங்கும் முன்பே மேட்டு நிலத்தில் இடம் பேசி வையுங்கள். ஹரிகேன் எச்சரிக்கை பொதுவாகப் பலத்த காற்று தொடங்க 36 மணி நேரம் முன்புதான் வரும். அதற்குள் எல்லோரும் ஒரே கிரேனுக்கு வரிசையில் நிற்பார்கள். எது எப்படியானாலும், காவல் காக்கிறேன் என்று படகிலேயே தங்காதீர்கள். அது இன்ஷூரன்ஸுக்குப் போகிற பொருள், அவ்வளவுதான்.

புயல் போன பிறகும் ஆட்கள் சாகிறார்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம் ஜெனரேட்டர். கராஜுக்குள்ளோ ஜன்னல் பக்கத்திலோ ஓடவிட்டால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். படுக்கையறைப் பக்கம் பேட்டரியில் ஓடும் வாயு அலாரம் ஒன்றும் இருக்கட்டும்.