காணாமல் போன இணையப் பக்கத்தைத் திரும்பப் பார்க்க

பழைய புக்மார்க்கைத் திறந்தால் ‘404’ (பக்கம் கிடைக்கவில்லை) என்று வருகிறதா? உடனே கைவிட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. அவற்றைப் பார்ப்பதற்கான வேபேக் மெஷின் (Wayback Machine) என்ற இணையதளம் 2001-இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. கட்டணம் கிடையாது, கணக்கும் தேவையில்லை.

அங்கே மேலே இருக்கும் பெட்டியில் பழைய முகவரியை முழுதாக ஒட்டுங்கள். ஆண்டுகள் வரிசையாக வரும், அதன் கீழே நாட்காட்டி. நீல வட்டம் உள்ள தேதியைத் தட்டினால் அன்றைய பக்கம் திறக்கும். பச்சை வட்டம் என்றால் அன்று வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. நீலத்தையே முதலில் பாருங்கள். படங்கள் சில நேரம் வராது, எழுத்து பெரும்பாலும் இருக்கும். யாரும் இலவசமாகச் சொந்தப் பக்கம் அமைக்க உதவி, யாஹூ 2009-இல் மூடிய ஜியோசிட்டீஸ் சேவையின் பக்கங்களில்கூட நிறைய இங்கே பத்திரமாக இருக்கின்றன. எவ்வளவு பெரிய சேவை இது!

அப்புறம், அதே தளத்தில் உள்ள ‘சேவ் பேஜ் நவ்’ (Save Page Now) பெட்டியையும் பயன்படுத்துங்கள். தேர்வு அறிவிப்பு, விலைப்பட்டியல் போல நாளை மாறிவிடக்கூடிய பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், தேதியோடு பிரதி எடுத்து நிரந்தர இணைப்பு தரும். லாகின் செய்து பார்க்கும் பக்கங்களுக்கு இது உதவாது. சேமித்ததை யாரும் பார்க்கலாம் என்பதால் சொந்த விவரம் உள்ள பக்கங்களைக் கொடுக்க வேண்டாம்.