வன்னியில் ஒரு ரோபோவைச் சந்தைக்குள் விட்டுப் பார்ப்பது எப்படி

கனடாவில் செய்யப்பட்ட ஹிட்ச்பொட் என்ற ரோபோவுக்கு நடக்கத் தெரியாது. வாளிதான் உடம்பு, நீச்சல்குளத்து நுரைக்குழாய்தான் கைகால். பெருவிரலைக் காட்டி வாகனம் மறிக்கும். 2014இல் ஹலிபாக்ஸிலிருந்து விக்டோரியா வரை, முன்பின் தெரியாதவர்களின் வாகனங்களில் ஏறியே கனடாவைக் கடந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவைக் கடக்கப் புறப்பட்டு, ஓகஸ்ட் 1ஆம் திகதி பிலடெல்பியாவில் அடித்து நொறுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2009இல், கேசி கின்சர் என்பவர் நியூயோர்க்கில் ஒரு பூங்காவில், முன்பின் தெரியாதவர்கள் உதவுவார்களா என்று ஒரு சின்ன மட்டை ரோபோவை விட்டுப் பார்த்திருந்தார். அதற்கு நேரே ஓட மட்டும் தெரியும். போகவேண்டிய இடம் கொடியில் எழுதியிருந்தது. பூங்காவைக் கடக்க 42 நிமிடம் எடுத்தது. முட்டி நின்ற இடங்களில் 29 பேர் திருப்பிவிட்டார்கள்.

இந்த மட்டை ரோபோவைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ செய்வது சுகம். செலவும் பெரிதில்லை. ஆனால் நியூயோர்க்கில் செய்ததை அப்படியே இங்கே செய்யக் கூடாது. ஆளில்லாத ஒரு பெட்டி, அதற்குள் வயர், பற்றறி: வன்னியில் இதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. மிதிவெடி, வெடிக்காத குண்டு பற்றி இங்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது: தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். நியூயோர்க்கில் தொட்டவர் நல்லவராக எண்ணப்பட்டார். இங்கே தொடாமல் போய் ஆளைக் கூப்பிடுகிற பிள்ளைதான் சரியாக நடந்த பிள்ளை. இதை மறந்து ‘எத்தனை பேர் தொட்டார்கள்’ என்று எண்ணினால் கணக்கும் பிழை, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடமும் பிழை. எண்ண வேண்டியது, தொடுவதற்கு முதல் யார் கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள் என்பது.

முதலில் உடம்பு. மூடியோடு கூடிய, உள்ளே முழுதும் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 20 சென்ரிமீற்றர் நீளம் போதும். மட்டைப் பெட்டி வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதுவும் வேண்டாம். பச்சை நிறமும் சிவப்பும் தவிர்க்கவும். மிதிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகையின் சிவப்பு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மூடிக்கும் கொடிக்கும் மஞ்சள் நல்லது. மின்னுகிற சிவப்பு லைற், ரிக் ரிக் சத்தம், கமரா மூன்றும் கட்டாயம் கூடாது. ஹிட்ச்பொட் வழிநெடுகப் படம் எடுத்துக்கொண்டு போனது. இங்கே ஒரு இயந்திரம் படம் எடுக்கிறது என்றால் ‘யாருக்கு?’ என்ற கேள்வி உடனே வரும், அந்தக் கேள்வி நியாயமானது. மோட்டர் இரைச்சலையும் குறையுங்கள். வானத்தில் இரைந்த ஆளில்லா விமானத்தை ‘வண்டு’ என்று அழைத்த ஊர் இது.

மஞ்சள் நிறக் கியர் மோட்டர் இரண்டு, 65 மில்லிமீற்றர் சில்லு இரண்டு, இரண்டு பென்டோர்ச் பற்றறி போடும் கூடு, ஒரு சுவிச். இரண்டு பற்றறி தொடராக 3 வோல்ற் தரும். அதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடும், குழந்தை நடை. ‘பலமாக ஓடட்டும்’ என்று நான்கு பற்றறி போட்டால் இரண்டு மடங்கு வேகம் வரும். ஆட்கள் குனிந்து பார்க்க முதல் அது கடந்துவிடும், உதவி கேட்கிற தோற்றமே போய்விடும். மோட்டர்கள் எதிரெதிராகப் பூட்டப்படுவதால் ஒன்றின் வயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அடுத்த தொல்லை வளைந்து போவது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு மோட்டரும் ஒரே வேகத்தில் சுழலாது. பழைய சைக்கிள் ரியூப்பை விரலகலத்துக்கு வெட்டி இரண்டு சில்லிலும் இழுத்து மாட்டுங்கள், சீமெந்துத் தரையில் பிடி கிடைக்கும், சத்தமும் குறையும். இடப்பக்கம் வளைந்தால் இடச் சில்லு மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். அதில் இன்னொரு சுற்று ரியூப் போட்டால் விட்டம் கூடி நேராகும். முன்பக்கத்தைத் தாங்க வழக்கமாகப் பூட்டுகிற உருளும் குண்டுச் சில்லில் மணல் புகுந்து இறுகிவிடும். அதற்குப் பதிலாகச் சோடாப் போத்தல் மூடியைக் கவிழ்த்து ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். கிரவல் றோட்டில் எதுவும் சரிவராது, முயலவும் வேண்டாம். சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தால் மத்தியான வெயிலில் மூடிய டப்பாவுக்குள் இளகிக் கழன்றுவிடும், திருகாணியும் நட்டும் போடுங்கள். கொடி உள்ளங்கை அளவுக்கு மேலே போகக் கூடாது. சோளகக் காற்றில் கொடியே பாயாகி டப்பாவைக் கவிழ்க்கும்.

கொடியில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்: ‘நான் விளையாட்டு வண்டி. மீன்கடைப் பக்கம் போகவேண்டும். நேராக மட்டும்தான் ஓடுவேன்.’ கீழே செய்தவர்களின் பெயரோ வகுப்போ வரட்டும்.

இடம்: சந்தைக் கட்டடத்தின் சீமெந்துத் தரை, பாடசாலை முற்றம், அறிவியல் நகரில் பல்கலைக்கழக வளாகம். 30 அல்லது 40 மீற்றர் ஓட்டம் போதும். ஏ9 வீதியும் பஸ் தரிப்பிடமும் இராணுவ முகாம் வாசலும் கூடாது. ஏ9 வீதிக் கரையில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எல்லா வாகனமும் நிற்கும், கச்சான் வாங்கும், கும்பிடும், அந்நியர்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். ஆனால் றோட்டுக் கரையில் வாகனம் பின்னுக்கு எடுக்கிற இடத்தில் காலடியில் ஓடுகிற பொருளை விடக் கூடாது. உள்ளூராட்சி சபையிடம் அனுமதி, பொலிசுக்கு ஒரு கடிதம், சுற்றியுள்ள கடைக்காரர்களுக்கு நேரில் ஒரு வார்த்தை, மூன்றும் முதல் நாளே. கடைக்கார ஐயாவுக்குச் சொல்லாமல் விட்டால் அவர்தான் முதலில் காலால் தள்ளுவார், அவர் தள்ளியதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளுவார்கள்.

இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் ரோபோவுக்குப் பத்து மீற்றருக்குள், கண்ணுக்குத் தெரியும்படி, ஆனால் ரோபோவையே பார்த்துக்கொண்டு நிற்காமல். மற்றவர் எழுதுவார். கண்டும் காணாமல் போனவர், நின்று பார்த்தவர், பக்கத்திலுள்ளவரைக் கேட்டவர், கேட்டபின் திருப்பிவிட்டவர், கேளாமல் தூக்கியவர், வழியை மறித்தவர் அல்லது உதைத்தவர் என்று தாளில் கோடு போட்டால் போதும். பெரியவரா பிள்ளையா, தனியா கூட்டமா என்பதையும் குறிக்கவும். பெயர் எழுத வேண்டாம். யாராவது உங்களிடம் வந்து கேட்டால் உடனே போய் மூடியைத் திறந்து காட்டுங்கள். அந்த ஓட்டம் அங்கே முடிந்தது. ஒருவர் முகத்தில் பயம் தெரிந்தாலும் அப்படித்தான்.

உதைப்பதைக் கெட்ட குணம் என்று எழுதிவிடாதீர்கள். ஜப்பானில் ஒசாக்காவின் கடைத்தொகுதியில் ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான்: பிள்ளைகள் கூட்டமாக நின்று ரோபோவின் வழியை மறித்தார்கள், அடித்தார்கள். பிள்ளைகள் சூழ்கிறபோது ரோபோ பெரியவர்கள் இருக்கிற பக்கம் போகும்படி நிரல் எழுதினார்கள். உங்கள் வண்டிக்கு அந்தப் புத்தி கிடையாது, பக்கத்தில் நிற்கிற ஆள்தான் அதன் புத்தி. ‘தம்பி, கொடியில என்ன எழுதிக்கிடக்கு, வாசியுங்கோ’ என்று சொன்னால் உதைத்த பொடியனே கொண்டுபோய்ச் சேர்ப்பான். அப்படிச் சொன்ன ஓட்டத்தைத் தனியாகக் குறிக்கவும், மற்றக் கணக்கோடு சேர்க்கக் கூடாது.

ஒரு தரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். பத்து ஓட்டம் கொடியில் செய்தவர் பெயரோடு, பத்து ஓட்டம் பெயரில்லாமல். இந்த ஊரில் முதலில் வருகிற கேள்வி ‘இது ஆரின்ர?’ என்பதுதான். பெயர் இருந்தால் அந்தக் கேள்வி எவ்வளவு குறைகிறது, திருப்பிவிடுகிற கை எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். நம்பிக்கை வண்டியின் மேலா, வண்டிக்குப் பின்னால் நிற்கிற ஆளின் மேலா என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும். பிறகு சிரித்த முகம் ஒட்டி ஒரு பத்து, ஒட்டாமல் ஒரு பத்து. சந்தை நாளில் ஒன்றும் வெறும் நாளில் மற்றதும் ஓட்டினால் ஒப்பிட முடியாது. நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும், காலை எட்டிலிருந்து பத்துக்குள் நல்லது.

முடிந்ததும் பற்றறியைக் கழற்றி, வயரை அவிழ்த்து, எல்லாத் துண்டையும் எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோகவும். உடைந்த டப்பாவையும் சந்தைக் குப்பையில் போட வேண்டாம். நாளைக்குக் குப்பை அள்ள வருகிற அக்காவுக்கு அது வயரோடு கிடக்கிற தெரியாத பெட்டி.