சின்னக் குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுவது எப்படி? மடியில் படுக்க வைத்துச் செய்யும் எளிய முறை

நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில் தினமும் இரண்டு முறை ஒரு சண்டை உண்டு. பிரஷைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும், தலையைத் திருப்பும், கையைத் தட்டிவிடும், எழுந்து ஓடும். கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, "சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். குழந்தையைச் சமாதானப்படுத்துவதைவிட, அதை எப்படி வைத்துக்கொண்டு தேய்க்கிறோம் என்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. நிற்க வைத்து, எதிரில் குனிந்து தேய்க்கும்போது தலை நிற்காது, வாய்க்குள் எதுவும் தெரியாது, பிரஷ் எங்காவது இடிக்கும். வலித்தால் அடுத்த முறை குழந்தை வாயைத் திறக்காது. படுக்க வைத்தால் இந்தத் தொல்லைகளில் பாதி குறைந்துவிடும்.

"விழப்போகிற பல்தானே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் பற்கள் மொத்தம் 20. முதல் பல் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில் கீழே முன்புறம் முளைக்கும், இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்தாலும், கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். பின்னால் வரும் நிலைப் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை அவைதான். அதில் சொத்தை விழுந்தால் குழந்தை சாப்பிடாது, தூங்காது. எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாது.

தேவையானவை அதிகமில்லை. தலைப்பகுதி சிறியதாக, நார் மிக மென்மையாக உள்ள பிரஷ் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் கைக்கு, இன்னொன்று குழந்தையின் கைக்கு. ஒன்றே ஒன்று இருந்தால் அதற்காகவே இழுபறி நடக்கும். ஒரு மெல்லிய துணி, நல்ல வெளிச்சம், பேஸ்ட், அவ்வளவுதான்.

பேஸ்ட் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் சில பேஸ்ட்களில் ஃபுளோரைடே இருக்காது. சொத்தையைத் தடுக்கும் பொருள் அதுதான். பெட்டியில் 1000 பிபிஎம் (ppm, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவில் ஃபுளோரைடு இருப்பதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு போதும், அதற்கு மேல் வேண்டாம். இந்த வயதில் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் செய்யும். அளவு இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணமே அதுதான், அதனால் பயப்பட வேண்டியதில்லை. பேஸ்ட் குழாயை மட்டும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

படி 1: நேரத்தை முன்னால் நகர்த்துங்கள்

ஒரு நாளைக்கு இரண்டு முறை. இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இரவில் செய்யுங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும், பல்லில் ஒட்டியிருக்கும் இனிப்பையும் மாவையும் கழுவிவிட ஆள் இருக்காது. ஆனால் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் பிரஷை எடுத்தால் எந்தக் குழந்தையும் அழும். இரவுச் சாப்பாடும் பாலும் முடிந்த கையோடு, குழந்தை இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே மெல்ல மாற்றத் தொடங்குங்கள். இனிப்பான மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், கூடுமானவரை பல் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

"பல் தேய்க்கலாமா?" என்று கேட்காதீர்கள். "வேண்டாம்" என்ற பதில்தான் வரும். "பல் தேய்க்கப் போகிறோம், சிவப்பு பிரஷா, நீல பிரஷா?" என்று கேளுங்கள்.

படி 2: படுக்க வைப்பது

நீங்கள் ஒருவர்தான் என்றால் தரையில் காலை நீட்டி உட்காருங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, அதன் தலை உங்கள் இரண்டு தொடைகளுக்கு நடுவே, மேல்நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கால்கள் உங்கள் பாதங்கள் இருக்கும் பக்கம் போக வேண்டும். இப்போது மேலிருந்து நேராக வாய்க்குள் பார்க்கலாம், தலையும் அசையாது. இடது கை தாடையையும் உதட்டையும் பார்த்துக்கொள்ளும், வலது கையில் பிரஷ்.

இரண்டு பேர் இருந்தால் இன்னும் சுலபம். முழங்காலோடு முழங்கால் தொடும்படி எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் குழந்தையைத் தன் முகம் பார்த்தபடி மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே பின்னால் சாய்த்து, தலையை மற்றவர் மடியில் படுக்க விட வேண்டும். கையைப் பிடித்துக்கொள்வது ஒருவர் வேலை, தேய்ப்பது மற்றவர் வேலை. குழந்தைக்கு நிமிர்ந்து பார்த்தால் தெரிந்த முகம் தெரியும், அதுவே பெரிய தைரியம். சின்னக் குழந்தைகளைப் பரிசோதிக்கும்போது பல் மருத்துவர்களும் இப்படித்தான் படுக்க வைப்பார்கள்.

படி 3: மேலுதட்டைத் தூக்குவது

இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் ஆள்காட்டி விரலை மேலுதட்டுக்குள் விட்டு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நடுவில் உதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சதை ஒன்று தெரியும். பிரஷ் அதில் இடித்தால் நன்றாக வலிக்கும். முன்பல்லைத் தொட்டதுமே அலறும் குழந்தைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். விரலை அந்தச் சதையின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, விரலுக்குக் கீழே தேயுங்கள்.

மேல் முன்பற்களிலிருந்தே தொடங்குங்கள். சின்ன வயதில் சொத்தை முதலில் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். கீழ் முன்பற்களுக்கு நாக்கும் உமிழ்நீரும் காவல், மேல் பற்களுக்கு அது கிடையாது. பாதியில் குழந்தை எழுந்து ஓடினாலும் முக்கியமான இடம் முடிந்திருக்கும்.

படி 4: தேய்ப்பது

நார் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி பிரஷைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அழுத்த வேண்டாம். சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினால் போதும். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில்தான் அழுக்கு படியும்.

மேல் முன்பற்கள் முடிந்ததும் கீழ் முன்பற்கள், அப்புறம் கடைவாய். வாயைத் திறக்க மறுத்தால் பற்களை நெம்பித் திறக்காதீர்கள். விரலைக் கன்னத்தின் உட்புறமாகவே கடைசிப் பல் வரை கொண்டு போனால், அங்கே பல் முளைக்காத ஈறுப் பகுதி இருக்கும். அதில் லேசாக அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும், விரலையும் கடிக்காது. மெல்லும் பக்கத்தில் பள்ளங்கள் இருப்பதால் அங்கே மட்டும் முன்னும் பின்னுமாகத் தேய்க்கலாம். உட்புறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் நாக்கின் பின்பகுதியைத் தொட்டால் குமட்டும்.

தேய்க்கும்போது சத்தமாக எண்ணுங்கள். தினமும் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். இது எப்போது முடியும் என்பது தெரிந்துவிட்டால் குழந்தைக்குப் பொறுமை வந்துவிடும். இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமே என்று எண்ணிக்கையை நீட்டாதீர்கள், அந்த நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது.

படி 5: துடைத்துவிட்டு, குழந்தையின் முறை

வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். நுரையைத் துணியால் துடைத்துவிட்டால் போதும், பல்லில் கொஞ்சம் ஃபுளோரைடு தங்கினால் நல்லதுதான். இப்போது குழந்தையை உட்கார வைத்து, அதன் பிரஷைக் கையில் கொடுங்கள். கடிக்கட்டும், பொம்மைக்குத் தேய்க்கட்டும். ஆனால் பிரஷை வாயில் வைத்துக்கொண்டு நடக்கவோ ஓடவோ விடவே கூடாது. விழுந்தால் தொண்டையிலும் அண்ணத்திலும் குத்திவிடும்.

அழுதால்?

முதல் சில நாட்கள் அழும். கோபம் காட்டாமல், பேசிக்கொண்டே, சீக்கிரம் முடித்துவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் அழுகை நீளும், தினமும் ஒரே மாதிரி நடந்தால் குறையும். ஈறில் லேசாக ரத்தம் கசிந்தால் உடனே நிறுத்திவிடத் தோன்றும். அழுக்கு படிந்து ஈறு வீங்கியிருந்தாலும் ரத்தம் வரும், மெதுவாகத் தொடர்ந்து தேய்த்தால் சரியாகும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிய பல் முளைக்கும் இடத்தில் பிரஷ் பட்டாலே அழுதால், அந்த இடத்தை மட்டும் சில நாள் ஈரத் துணியால் துடைக்கலாம். வாந்தி எடுத்தவுடன் தேய்க்க வேண்டாம், தண்ணீர் குடிக்கக் கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

மாதம் ஒரு முறையாவது உதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போல வெளுத்த வரி தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அந்த நிலையில் பிடித்துவிட்டால் பள்ளம் விழாமல் தடுக்க முடியும், ஆகவே தள்ளிப்போடாமல் பல் மருத்துவரைப் பாருங்கள். பழுப்பாகிவிட்டால் காத்திருக்கவே கூடாது. பல்லில் ஒன்றும் தெரியாவிட்டாலும், முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

மூன்று வயதானதும் கண்ணாடி முன் நிற்க வைத்து, நீங்கள் பின்னால் நின்று தேய்க்கும் முறைக்கு மாறலாம். அப்போது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, துப்பவும் அந்த வயதில் கற்றுக்கொடுங்கள். "நானே தேய்ப்பேன்" என்று அடம் பிடித்தால் தேய்க்கட்டும். ஆனால் பல்லின் எல்லாப் பக்கமும் போகும் அளவுக்குக் கை பழக ஏழெட்டு வயதாகும், அதுவரை கடைசியில் ஒரு சுற்று நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.