லாரி வாடகை வவுச்சரிலிருந்து ஃபைனல் தேர்வு வரை: புதிய ஆர்ட்டிகிள்களுக்கு ஒரு நோட்டுப் பழக்கம்

சிஏ படிப்பின் நடுக்கட்டத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பையும் பாஸ் செய்து, ஐடி பயிற்சியும் ஓரியன்டேஷனும் முடித்து, ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிளாக, அதாவது பயிற்சி மாணவராகச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பயிற்சி பெற்றது திருப்பூரில். இப்போது என்னிடமும் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். சேர்ந்த மூன்றாவது மாதம் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரி வந்து நிற்பார்கள்: "சார், வேலையே சரியா இருக்குங்க. படிக்க நேரமே இல்லைங்க."

அவர்கள் சொல்வது பொய்யில்லை. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. லீவும் சேர்ந்தே குறைந்தது; இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 24 நாள்தான். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். அதனால் "இப்போ வேலையைப் பார்ப்போம், அந்த ஆறு மாசத்துல படிச்சுக்கலாம்" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆறு பேப்பரை ஆறு மாதத்தில் முதலிலிருந்து தொடங்கிப் படித்து முடிப்பது மிகவும் கடினம். ஆனால் பகலில் நீங்கள் கையில் பிடிக்கும் வவுச்சரும் (செலவைப் பதிவு செய்யும் சீட்டு) பில்லும்தான் அந்தப் பேப்பர்களின் பாடம். இரண்டையும் தினமும் முடிச்சுப் போட ஒரு வழி இருந்தால் போதும். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இந்த வழியைத்தான்.

முதல் படி: நோட்டு

இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். மொபைலில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தேர்வு கையால் எழுதுவது, அதனால் கை பழகட்டும்.

நோட்டைத் திறந்தால் தெரியும் இரண்டு பக்கங்களும் ஒரு நாளுக்கு. இடப்பக்கத்தில் இன்று பார்த்த ஒரே ஒரு விஷயம். வலப்பக்கத்தில் அதைப் பற்றிச் சட்டமும் தணிக்கைத் தரமும் என்ன சொல்கின்றன என்பது. ஒரு நாளில் நூறு வவுச்சர் பார்த்திருந்தாலும் ஒன்றை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினால் பத்தாவது நாளே நோட்டு மூலைக்குப் போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். கிளையண்ட் பெயர், பான் எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் நோட்டில் வரக்கூடாது. 'பனியன் கம்பெனி அ', 'சாயப்பட்டறை ஆ' என்று போட்டுக்கொள்ளுங்கள். தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட தகவலை கிளையண்டின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது சிஏ சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் முறைகேடாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் பயிற்சியின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுவது நல்லது. பஸ்ஸில் நோட்டு தொலைந்தாலும் யாருக்கும் பாதிப்பு வராது.

இரண்டாம் படி: ஒரு வவுச்சரைக் கடைசிவரை பின்தொடர்வது

பயிற்சியில் சேர்ந்த புதிதில் எனக்கு வவுச்சிங், அதாவது வவுச்சர்களைச் சரிபார்க்கும் வேலை, கொடுத்தார்கள். பச்சைப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே போனேன். சாயங்காலம் சீனியர் அண்ணன் வந்து கேட்டார்: "இன்னைக்குப் பார்த்ததுல எது எதுக்கு ரொக்கமாக் கொடுத்தாங்க?" எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. டிக் போடுவதும் வவுச்சரைப் பார்ப்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லோடு போனதற்கான லாரி வாடகை வவுச்சர். தொகை 28,000 ரூபாய், ரொக்கம். லாரி ரசீதில் தேதி மார்ச் 30. வவுச்சர் போட்டது ஏப்ரல் 4.

இடப்பக்கத்தில் இதை அப்படியே எழுதுங்கள். அப்புறம் அந்த லாரிக்காரரின் லெட்ஜரையும் (கம்பெனி புத்தகத்தில் அவர் பெயரில் உள்ள கணக்கு) திறந்து பாருங்கள். மார்ச் வரை ஏற்கெனவே நான்கு நடை, 1,12,000 ரூபாய் பதிவாகி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கத்துக்கு வருவோம். முதலில் ரொக்கம். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. சரக்கு வண்டிக்காரர்களுக்கு மட்டும் அந்த வரம்பு 35,000. ஆகவே 28,000 தப்பித்தது. அதே நாளில் அவருக்கே இன்னொரு நடைக்கும் 28,000 கொடுத்திருந்தால்? மொத்தம் 56,000. வரம்பைத் தாண்டிய மிச்சம் மட்டும் இல்லை, 56,000 முழுவதும் கழிக்க முடியாமல் போகும். இந்த 'இருந்தால்?' என்ற கேள்வியை நீங்களே கேட்டு எழுதுங்கள். தேர்வில் கேள்வி எடுப்பவரும் இப்படித்தான் யோசிக்கிறார்.

அடுத்து டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி. ஒரே தொகை 30,000-ஐத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் 1,00,000-ஐத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். வவுச்சரை மட்டும் பார்த்தவர் '28,000 தானே' என்று விட்டுவிடுவார். லெட்ஜரைப் பார்த்தவருக்கு, இதையும் சேர்த்தால் 1,40,000 ஆகிறது என்பது தெரியும். இங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. லாரிக்காரரிடம் பத்து அல்லது அதற்குக் குறைவான வண்டிகள் இருந்து, அதை எழுதிக் கொடுத்து, பான் எண்ணும் கொடுத்திருந்தால் பிடிக்க வேண்டாம். ஆனால் டிடிஎஸ் ரிட்டர்னில் காட்ட வேண்டும். அந்த உறுதிமொழிக் கடிதம் ஃபைலில் இருக்கிறதா? இல்லையென்றால் தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனி அல்லது கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம். பிடிக்காமல் விட்டால் செலவில் 30 சதவீதம், அதாவது 42,000 ரூபாய், கழிக்க முடியாமல் வருமானத்தோடு சேரும். ஒரு கடிதம் இல்லாததால் வரும் விளைவு இது.

ஜிஎஸ்டிக்கு வாருங்கள். லாரிக்காரர் சரக்கு ரசீது கொடுத்திருந்தால் அவர் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி. வரியைத் தானே கட்டுவதாக அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் பனியன் கம்பெனிதான் 5 சதவீதம் கட்ட வேண்டும் (இதுதான் எதிர்முறை ஜிஎஸ்டி), 1,400 ரூபாய். கையிலிருக்கும் உள்ளீட்டு வரவை (கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவு) வைத்து இதைக் கட்ட முடியாது. ஜிஎஸ்டி தளத்தில் பணமாகச் செலுத்தும் ரொக்கப் பேரேட்டிலிருந்துதான் கட்ட வேண்டும். அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-யில் இது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை அதிகமாக விட்டுப்போவது இந்த இடம்தான்.

கடைசியாகத் தணிக்கை. லோடு ஏறியது மார்ச் 30, ஆகவே செலவு போன ஆண்டுடையது. மார்ச் 31 தேதியிட்டு அதைக் கொடுக்க வேண்டிய பாக்கியாகப் பதிவு செய்திருக்கிறார்களா? உண்மையிலேயே லோடு போனதா? லாரி ரசீதில் இருக்கும் வண்டி எண்ணும் இ-வே பில்லில் (சரக்கு எடுத்துச் செல்ல ஜிஎஸ்டியில் எடுக்கும் ஆவணம்) இருக்கும் வண்டி எண்ணும் ஒன்றுதானா? பணம் கொடுத்த நாளில் கேஷ் புக்கில் 28,000 இருப்பு இருந்ததா? இவை எல்லாம் எஸ்ஏ 500 என்ற தணிக்கைத் தரம் சொல்லும் தணிக்கைச் சான்று. நீங்கள் பார்த்ததை ஃபைலில் எழுதி வைப்பது எஸ்ஏ 230.

ஒரு லாரி வாடகை வவுச்சரில் நேரடி வரி, மறைமுக வரி, தணிக்கை, நிதி அறிக்கை என்று ஃபைனலின் நான்கு பேப்பர்கள் இருக்கின்றன. ஆறாவது பேப்பரோ புத்தகம் திறந்துவைத்து எழுதும் தேர்வு. பல பாடங்களைக் கலந்து ஒரு கம்பெனியின் கதையாகத்தான் கேட்பார்கள். இந்த நோட்டை ஒரு வருடம் எழுதியவருக்கு அந்தக் கதைகள் புதிதாக இருக்காது.

பிரிவு எண்கள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு சட்டம் வந்துவிட்டது. லாரி வாடகை டிடிஎஸ் பிரிவைச் சீனியர்கள் இன்னமும் '194சி' என்றே சொல்வார்கள், புதிய சட்டத்தில் அது 393-க்குள் போய்விட்டது. பழைய ஆண்டுகளின் கணக்கும் நோட்டீஸும் பல காலத்துக்கு வந்துகொண்டே இருக்கும் என்பதால் நோட்டில் இரண்டு எண்களையும் எழுதுங்கள். வரம்புத் தொகைகளையும் ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் சரிபார்த்துத் திருத்துங்கள்.

மூன்றாம் படி: கேள்வி கேட்பது

கிளையண்ட் இடத்துக்குப் போனால் அங்குள்ள கணக்காளரிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய் நிற்காதீர்கள். அவருக்கும் அன்றாட வேலை இருக்கிறது. கேள்விகளை ஒரு தாளில் சேர்த்து வைத்து, காலையில் ஒரு முறை, மதியத்துக்கு மேல் ஒரு முறை கேளுங்கள். "ஏன் டிடிஎஸ் பிடிக்கலை?" என்று கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "அண்ணா, இந்த லாரிக்காரர் கொடுத்த உறுதிமொழி லெட்டர் எந்த ஃபைல்ல இருக்குங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் எடுத்துக் கொடுப்பார். இல்லையென்றால் அவரே சொல்லிவிடுவார்.

உங்கள் ஆபீஸ் சீனியரிடம் கேட்கும்போது நீங்கள் தேடிப் பார்த்ததைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "அக்கா, பத்து வண்டி விதியைப் படிச்சேன். ரிட்டர்ன்ல எங்க காட்டணும்னு மட்டும் புரியலை." இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு எவ்வளவு வேலை நெருக்கடியிலும் யாரும் சொல்லிக் கொடுப்பார்கள்.

நான்காம் படி: படிக்கும் நேரம்

'தினமும் மூன்று மணி நேரம்' என்று அட்டவணை போடாதீர்கள், அது நிற்காது. ஆடிட்டர் ஆபீஸின் மாதத்துக்கென்று ஒரு ஓட்டம் இருக்கிறது. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவது, 11-ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர் 1, 20-ஆம் தேதி 3பி. இந்தத் தேதிகளை ஒட்டிய நாட்களில் வீட்டுக்கு வர இரவாகிவிடும். அந்த நாட்களுக்கு நோட்டின் இடப்பக்கம் மட்டும் போதும். 21-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை கொஞ்சம் மூச்சு விடலாம். விட்டுப்போன வலப்பக்கங்களை அப்போது நிரப்புங்கள். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் (வருமான வரிக்கான தணிக்கை) நெருக்கடி. அந்த மாதத்தில் புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம்.

சாதாரண நாட்களில் காலை ஐம்பது நிமிடம். நேற்றைய இடப்பக்கத்தை எடுத்து, சிஏ இன்ஸ்டிடியூட் தரும் பாடப்புத்தகத்தில் அந்தப் பகுதியைத் திறந்து படித்து, வலப்பக்கத்தை எழுதுங்கள். புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வேலை எந்தப் பக்கத்தைத் திறக்கிறதோ அங்கிருந்து படியுங்கள். வேலையில் வராத பகுதிகள் ஃபைனலில் நிறைய உண்டு. நிதி மேலாண்மையின் டெரிவேட்டிவ்ஸ் (பங்கு விலை போன்றவற்றைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) சின்ன ஆபீஸில் கண்ணில்கூடப் படாது. அவற்றை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இணையவழியில் நாமாகப் படித்து எழுத வேண்டிய நான்கு செட் பாடங்களும் இருக்கின்றன. ஃபைனலுக்கு முன் இவை முடிந்திருக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது பார்க்கலாம் என்று விடாமல், வேலை குறைவான மாதங்களில் ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் படி: எழுதிப் பார்ப்பது

மாதம் ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் ஒன்றை எழுதுங்கள். திருத்துவதற்கு இன்ஸ்டிடியூட் வெளியிடும் பரிந்துரைத்த விடைகளை வைத்துக்கொள்ளுங்கள். விதி, இந்தக் கேள்வியின் விவரம், முடிவு என்று மூன்று பத்தியாக விடை எழுதும் பழக்கம் வர வேண்டும். உங்கள் நோட்டும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. பெரும்பாலான பேப்பர்களில் 30 சதவீத மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கு. அதற்குத் தனியாக மாதிரித் தேர்வுகளைப் போட்டுப் பாருங்கள்.

மதிப்பெண் கணக்கையும் மனதில் வையுங்கள். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப்பில் மொத்தம் 50 சதவீதம். மற்ற இரண்டிலும் நன்றாக எழுதியும் ஒன்றில் 38 வாங்கி குரூப்பை இழந்த பிள்ளைகள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாமல் இருங்கள். பிறகு விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, எங்கே மதிப்பெண் போனது என்று கேள்வி கேள்வியாகப் பாருங்கள். பல நேரம் விஷயம் தெரிந்தே இருக்கும், எழுதிய விதத்தில் போயிருக்கும். ஃபைனல் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் நடக்கிறது, அடுத்த வாய்ப்பு சில மாதங்களில் வந்துவிடும்.

ஆறாம் படி: இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டு முடியும்போது நோட்டைப் புரட்டுங்கள். முழுக்க ஜிஎஸ்டியாகவே இருந்தால் பிரின்சிபலிடம் (பயிற்சி தரும் ஆடிட்டர்) போய், "சார், கம்பெனி ஆடிட் ஒண்ணுல என்னையும் சேர்த்துக்கோங்க" என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் மாற்றிக் கொடுப்பதில்லை. பெரிய நிறுவனங்களில் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், கடைசி 9 முதல் 12 மாதங்களைத் தொழில் நிறுவனப் பயிற்சியாகச் செய்யவும் வழியிருக்கிறது. அதையும் முன்கூட்டியே பேசுங்கள். சொந்த பிராக்டீஸ்தான் கனவு என்றால் ஆபீஸிலேயே இருந்து, பில் போடுவது, கிளையண்டிடம் பேசுவது, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது இவற்றைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பயோடேட்டா எழுதும்போதும் இந்த நோட்டுதான் துணை. 'ஸ்டாட்யூட்டரி ஆடிட், டாக்ஸ் ஆடிட், ஜிஎஸ்டி' என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் 'ஏற்றுமதி நிறுவனத்தில் சரக்கு வாடகை மீதான எதிர்முறை ஜிஎஸ்டி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தேன்' என்று எழுதலாம். இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள், அதற்கு உங்களால் பத்து நிமிடம் பேச முடியும்.

கிளம்பும் மாதத்தில், நீங்கள் பார்த்த ஒவ்வொரு கிளையண்டுக்கும் அடுத்து வரும் ஆர்ட்டிகிளுக்காக ஒரு பக்கம் எழுதி ஆபீஸ் ஃபைலில் வையுங்கள். எந்த லெட்ஜரில் ஆண்டுதோறும் தவறு வருகிறது, எந்தக் கடிதம் இன்னும் வர வேண்டியிருக்கிறது, பழைய பில் ஃபைல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எழுதுங்கள். கணக்காளர் அண்ணன் ஒன்றரை மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்றுக்குத்தான் திரும்புவார், அதற்குள் கேள்விகளைக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.