தக்காளி இலையில் வெள்ளைக் கோடு: தெளிப்பானை எடுப்பதற்கு முன்

இந்தக் கோட்டைப் போடும் இலைத்துளைப்பான் ஈயிடம் புதியவர்கள் ஏமாறும் விதம் ஆண்டுதோறும் மாறாமல் இருக்கிறது. நீர், இடைவெளி போன்ற பொதுவான தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

கோட்டைக் கண்டதும் மருந்து தெளிப்பது

லிரியோமைசா டிரைஃபோலி என்னும் இந்த ஈ ஏறக்குறைய 2 மி.மீ. நீளமே இருக்கும். பெண் ஈ இலைத் திசுவுக்குள் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு மேல்தோலுக்கு அடியிலேயே பச்சைத் திசுவைத் தின்றுகொண்டு நகர்வதால், புழு பருக்கப் பருக்கக் கோடும் அகலமாகிறது. இலையின் மேல் படிந்து நிற்கும் தொடுநஞ்சு அந்தப் புழுவைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அது எட்டுவது, அந்தப் புழுவைக் கொன்று அதனருகே முட்டையிட இலைமேல் தேடி அலையும் டைகிளைஃபஸ் போன்ற சிறு குளவிகளைத்தான்.

தெரிந்தவர் ஒருவர் செயற்கைப் பைரித்ராய்டு என்னும் தொடுநஞ்சு மருந்தை வாரந்தோறும் தெளித்துவிட்டு, கோடுகள் கூடிக்கொண்டே போவதாகச் சொல்லி மருந்தின் அளவையும் கூட்டினார். அவருடைய இலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, பல கோடுகள் புழு வெளியேறிய வெறும் தடங்களாக இருந்தன. புழு போன பிறகும் கோடு மறையாது என்ற ஒரு செய்தி தெரிந்திருந்தால் பாதித் தெளிப்பு மிச்சமாகியிருக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை என்பதுதான் என் எரிச்சல். மருந்து படாத ஓரச் செடிகளிலோ, கோட்டின் அகன்ற முனையில் செத்துப் பழுப்பேறிய புழுவும், அதனருகே கழிவாலான சிறு தூண்களுக்கு நடுவே குளவியின் கூட்டுப்புழுவும் இருந்தன. அத்தகைய இலைகளைக் கிள்ளி எரிப்பவர்கள் தம் காவலாளியையே எரிக்கிறார்கள்.

எல்லாத் தடத்தையும் ஈயின் கணக்கில் எழுதுவது

தடம் மெல்லிய கோடாக இல்லாமல் அகன்ற திட்டாக இருந்து, உள்ளே தலை தெளிவாகத் தெரியும் புழு இருந்தால், அது டூட்டா அப்சொலூட்டா என்னும் அந்துப்பூச்சியாக இருக்கலாம். அது காயையும் துளைக்கும். ஈயின் புழுவுக்குத் தலை தனியாகத் தெரியாது, காய்க்கும் அது போகாது.

உயிர்ப்புழு உள்ள இலையைக் கிள்ளிச் செடியடியில் போடுவது

வளர்ந்த புழு இலையைக் கிழித்து வெளியேறி பெரும்பாலும் மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது.

தழைச்சத்தை அள்ளிக் கொடுப்பது

வேண்டாம்.

மருந்தே கூடாது என்று இருந்துவிடுவது

இளநாற்றின் இலைகளில் உயிர்ப்புழுக்கள் மிகுந்து, குளவியின் அடையாளம் எங்கும் தென்படாவிட்டால், அசாடிராக்டின் உள்ள வேப்பமருந்தை மாலையில் தெளிக்கலாம். அடுத்த தெளிப்புக்கு முன் புதிதாகத் துளிர்த்த இலைகளை மட்டும் பாருங்கள். பழைய இலைகளை எண்ண வேண்டாம்.