டிராவல் நர்ஸ் வேலையில் சேமித்துச் சீக்கிரம் ஓய்வு பெற: நான் போகும் வழி

அமெரிக்காவில் கிரீன் கார்டு வந்துவிட்டது, உங்களைக் கூட்டிவந்த ஏஜென்சியின் ஒப்பந்தக் காலமும் முடிந்தது, ஐ.சி.யூ.வில் இரண்டு வருஷ அனுபவம் இருக்கிறது, இனி 13 வாரக் காண்ட்ராக்டில் ஊர் ஊராகப் போகலாம் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள். அங்கிருந்து தொடங்குகிறேன். ஐம்பது வயதுக்குள் நைட் ஷிஃப்டை விட்டுவிட வேண்டும் என்பது என் குறிக்கோள்.

படி 1: சம்பளத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஏஜென்சியில் வேலை பிடித்துத் தரும் ரெக்ரூட்டர் போனில் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகத்தான் சொல்வார். அதில் ஒரு பகுதி மணிக்கணக்குச் சம்பளம், அதற்கு வரி உண்டு. மீதி, தங்கவும் சாப்பிடவும் தரும் ஸ்டைபண்ட். நிபந்தனை பொருந்தினால் அதற்கு வரி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 25 டாலர், வாரம் 36 மணி நேரம் என்றால் 900 டாலர். ஸ்டைபண்ட் 1,300. வருஷத்தில் 46 வாரம் வேலை செய்தால் மொத்தம் 1,01,200 டாலர். அதில் வரிக்கு வருவது 41,400 மட்டுமே. 2025 விகிதப்படி, மணமாகாத ஒருவருக்கு ஃபெடரல் வருமான வரி சுமார் 2,840 டாலர். ஸ்டைபண்டுக்கும் வரி விழுந்தால் அதுவே 13,700 ஆகிவிடும். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமும் 4,570 டாலர் கூடும். ஆக, வருஷத்துக்கு 15,000 டாலருக்கு மேல் வித்தியாசம். எந்த ஃபண்டில் போடுவது என்று மண்டையை உடைப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: டாக்ஸ் ஹோம்

டாக்ஸ் ஹோம் என்றால் வரிக் கணக்குக்கு உங்கள் வீடு என்று ஏற்கப்படும் ஊர். அது இருந்தால்தான் ஸ்டைபண்டுக்கு வரி இல்லை. நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஹூஸ்டனில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது ஒரு அபார்ட்மெண்டில் இருந்தேன். முதல் டிராவல் காண்ட்ராக்ட் கிடைத்ததும் லீஸை முடித்து, கட்டில், கிரைண்டர், புடவைப் பெட்டி எல்லாவற்றையும் ஸ்டோரேஜில் போட்டேன். தோழி வீட்டு முகவரியை எல்லாப் படிவத்திலும் எழுதினேன். டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கடிதம் எல்லாம் அந்த முகவரிக்கே வந்தன. "நிரந்தர முகவரி இருக்கிறதல்லவா, கையெழுத்துப் போடுங்கள்" என்றார் ரெக்ரூட்டர். போட்டேன்.

அடுத்த மார்ச்சில் வரிக் கணக்கர் கேட்ட முதல் கேள்வி: "அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" ஒன்றும் இல்லை என்றேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வருஷம் வாங்கிய ஸ்டைபண்ட் முழுவதையும் வருமானமாகக் காட்டி வரி கட்டினேன். அதற்கென்று எடுத்து வைத்த பணம் இல்லாததால் எமர்ஜென்சி ஃபண்டைத்தான் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது.

வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பார்ப்பது மூன்று விஷயங்கள். ஒன்று, உங்கள் நிரந்தர வீடு (வாடகை வீடானாலும் சரி) இருக்கும் பகுதியிலும் கொஞ்சம் வேலை செய்து, அப்போது அந்த வீட்டில் தங்குகிறீர்களா? இரண்டு, வேலைக்காக வெளியூரில் தங்குவதால் இரண்டு இடத்திலும் செலவு ஆகிறதா? மூன்று, அந்த ஊரோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் கவலை இல்லை. இரண்டு இருந்தால் மற்ற சூழ்நிலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், போகிற இடமே உங்கள் வீடு என்று ஆகிவிடும். வீட்டை விட்டு வெளியே இருப்பதற்குத் தரும் பணம் என்ற பேச்சுக்கே அப்புறம் இடமில்லை. கடிதம் வரும் முகவரியும் ஸ்டோரேஜ் ரசீதும் வீடாகாது.

இப்போது அதே தோழி வீட்டில் ஓர் அறைக்கு மாதம் 600 டாலர் வாடகை கொடுக்கிறேன். அந்தப் பகுதியில் ஓர் அறைக்கு உள்ள நியாயமான வாடகை அது. இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உண்டு. ஒன்றாம் தேதி ஜெல் (வங்கிப் பணம் அனுப்பும் சேவை) மூலம் அனுப்பும்போது குறிப்பில் மாதத்தின் பெயரை எழுதுகிறேன். ஒவ்வொரு காண்ட்ராக்டும் முடிந்ததும் அங்கே திரும்பி, ஹூஸ்டனிலேயே சில பெர் டியெம் (தேவைப்படும் நாளுக்கு மட்டும் போகும்) ஷிஃப்ட் பார்க்கிறேன். தோழி இந்த வாடகையைத் தன் வருமானமாகக் காட்ட வேண்டும். நட்பு கெடாமல் இருக்க இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

50 மைல் தாண்டினால் போதும் என்று பிரேக் ரூமில் யாராவது சொல்வார்கள். ஐ.ஆர்.எஸ். சட்டத்தில் அப்படி ஒரு மைல் கணக்கு கிடையாது.

அறை வாடகை மாதம் 1,500 என்றால் வருஷத்துக்கு 18,000. மிச்சமாகும் வரியைவிட அது அதிகம். அப்படியானால் வீடே வேண்டாம், ஸ்டைபண்டுக்கும் வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். வரியை மிச்சம் பிடிக்க அதைவிட அதிகமாக வாடகை கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

படி 3: எவ்வளவு சேர்த்தால் போதும்

வருஷச் செலவைப் போல 25 மடங்கு என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. 1994-இல் நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் எழுதிய ஆய்விலிருந்து வந்த 4 சதவீத விதி அது: சேர்த்த பணத்தில் முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வது. அவர் பார்த்தது 30 வருஷ ஓய்வு. ஐம்பதுக்கு முன்பே நிறுத்துகிறவர்களுக்கு அது பத்தாது என்பது என் கருத்து, அதனால் 3.5 சதவீதம் வைத்துக்கொள்கிறேன். மாதம் 3,000 டாலர் செலவென்றால் வருஷம் 36,000; தேவை ஏறக்குறைய 10.3 லட்சம் டாலர். பணவீக்கம் போக 5 சதவீத வளர்ச்சி என்று வைத்து, வருஷம் 45,000 சேமித்தால் பதினைந்தரை வருஷம் ஆகும்.

கணக்கு வைக்க எனக்குக் கூகுள் ஷீட்தான். பட்ஜெட் ஆப்கள் ஸ்டைபண்டையும் சம்பளத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

படி 4: பணத்தை எங்கே போடுவது

முதலில் ரோத் ஐ.ஆர்.ஏ., அதாவது வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வில் வரியில்லாமல் எடுக்கும் சேமிப்புக் கணக்கு. 2025-இல் வரம்பு 7,000 டாலர். ஏஜென்சி மாறினாலும் கணக்கு நம்மோடு வரும். காட்டும் வருமானம் குறைவாக இருக்கும் இந்த வருஷங்களில் வரி கட்டிவிட்டுப் போடுவதே லாபம். உள்ளே பரந்த சந்தை இண்டெக்ஸ் ஃபண்ட் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது) ஒன்று போதும்.

அடுத்தது 401(கே), வேலை கொடுப்பவர் சம்பளத்திலிருந்து பிடித்துப் போடும் ஓய்வுக்காலச் சேமிப்பு. 20 சதவீதம் என்று குறித்தால் வாரம் வரும் 2,200-இல் 440 பிடிப்பார்கள் என்று நினைத்தேன். பிடித்தது 180. ஸ்டைபண்டிலிருந்து அதற்குப் பிடித்தம் கிடையாது, வரிக்கு உட்பட்ட 900-இலிருந்துதான். 2025 வரம்பான 23,500-ஐ நிரப்ப 57 சதவீதம் குறிக்க வேண்டும். ஏஜென்சி மாறும்போது பழைய கணக்கை நேரடி ரோல்ஓவராக (பணம் உங்கள் கைக்கு வராமல் கணக்கிலிருந்து கணக்குக்கு) மாற்றுங்கள். உங்கள் பெயரில் செக் வந்தால் 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கும் அந்த 900 மட்டுமே கணக்கு. அதனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 5: காண்ட்ராக்டுக்கு நடுவில்

ஏஜென்சி தரும் மருத்துவ இன்ஷூரன்ஸ் அறுந்துபோகும். கோப்ரா (பழைய இன்ஷூரன்ஸை நம் செலவில் தொடரும் வசதி) எடுப்பதா என்று தீர்மானிக்க 60 நாள் அவகாசம் உண்டு. எடுத்தால் அறுந்த நாளிலிருந்தே கவர் ஆகும், அந்த நாட்களின் பிரீமியத்தையும் கட்ட வேண்டும். மூன்று வார இடைவெளியில் நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன்.

ஒரே ஆஸ்பத்திரியில் நீட்டித்துக்கொண்டே போகலாமா? ஒரு வருஷத்தைத் தாண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து ஸ்டைபண்டுக்கு வரி உண்டு. நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் தேதியைக் குறித்துவையுங்கள்.

ஊரில் இருக்கும் மியூச்சுவல் ஃபண்ட்? இந்திய ஃபண்டுகளை அமெரிக்க வரிச்சட்டம் பி.எஃப்.ஐ.சி. (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்று வகைப்படுத்துகிறது, படிவம் 8621, கடுமையான வரி. என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) வைப்புநிதி வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. இந்தியக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும். எனக்கு அது இருந்தது, ஊருக்குப் போன் பண்ணி பாஸ்புக்கின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.